முகம் மாறிய மூன்று ரீல்கள்

முப்பத்துநாலு வருடச் சர்க்கார் வேலையில் நான் முழுமையாக ஒழுங்குபடுத்திய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பேய்ப்படம். மற்றவை எல்லாம் நான் உட்கார்ந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே, கொஞ்சம் கூடுதல் கனத்தோடு, அடுத்தவர் மேஜைக்குப் போயின.

எழுபதுகளின் நடுவில் திருத்தணியில் எங்கள் அலுவலகத்தில் சினிமா உரிமங்கள் என் மேஜைக்கு வந்தன. ஓசியில் படம் பார்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். சினிமாக் குமாஸ்தா படம் பார்ப்பதில்லை. அவன் மணல் வாளி பார்ப்பான். திரைக்கு முதுகைக் காட்டி நின்று தண்ணீர் வாளி எத்தனை, மணல் வாளி எத்தனை, வெளியேறும் வழியில் யாராவது முறுக்குத் தட்டு வைத்திருக்கிறார்களா என்று குறித்துக்கொண்டு, முதல் சண்டை வருவதற்குள் சைக்கிளை எடுப்பான். நான் அப்படித்தான் எடுத்தேன். சினிமாவின் முன்பக்கம் எப்படியிருக்கும் என்பதை என் மனைவி வீட்டில் சொல்லிக் கேட்டதுதான் அதிகம்.

அரக்கோணம் ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ். ஜனங்களுக்கு அது கொட்டா. சட்டத்துக்கு அது நகரும் சினிமா. பல வருடங்களாக ஓர் அங்குலம் நகராமல் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் உரிமம் முடியும்போது கூரையைப் பிரித்துக் கொஞ்ச நாள் மூங்கிலை மட்டும் நிற்கவிட்டு மறுபடி வேய்ந்தால், அது நகர்ந்துவிட்டது என்று சட்டம் நம்பும். நானும் நம்பிக் குறிப்பு எழுதுவேன். முதலாளி தெலுங்குக்காரர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் நைனா.

ஆபரேட்டர் அரக்கோணத்து முஸ்லிம். அவரை எல்லாரும் பாய் என்பார்கள். அவருடைய அண்ணன்மார் லாரிப் பட்டறை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் பட்டறையிலிருந்து தப்பி, பரீட்சை எழுதி, ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கியிருந்தார். அதைக் கண்ணாடி போட்டு கேபின் சுவரில் மாட்டி, தினமும் துண்டால் துடைத்துவிட்டுத்தான் மிஷினைத் தொடுவார்.

"லாரிக்கு அடியில படுத்தா ஆயில் சொட்டும் சார். இங்க நின்னா வெளிச்சம் சொட்டுது" என்று ஒருமுறை சொன்னார். நாற்பது தாண்டியிருந்தது. இடுப்பு அப்போதே பாதி வளைந்திருந்தது. அந்தக் கண்ணாடிச் சட்டம் சுவரிலிருந்து இறங்கினால் அவருக்கு லாரிக்கு அடியைத் தவிர வேறு இடம் கிடையாது. அண்ணன்மாரும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சேர்த்துக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியும். நடந்ததையெல்லாம் இது தெரிந்தேதான் செய்தேன்.

படம் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது. ஒரு கல்யாணச் சமையல்காரர் சாம்பாரில் உப்புப் போட மறந்து, சம்பந்தி வீட்டார் சிரித்த அவமானத்தில் உயிரை விடுகிறார். பிறகு ஒரு பங்களாவில் பேயாக உலவி, யார் என்ன சமைத்தாலும் ருசி பார்த்து, உப்புப் போதவில்லையென்றால் கரண்டியால் மண்டையில் போடுகிறார். பங்களாவின் வாரிசாக ஓர் இளைஞன். பேயைத் தூக்கும் கயிறு தெரியும். பேயின் இடது கையில் வாட்ச் தெரியும். கதாநாயகன் சாய்ந்தால் சுவர் உள்ளே போகும். எலும்புக்கூடு ஒன்று வரும், அதன் விலாவில் ஏதோ காலேஜ் ஒட்டிய எண் சீட்டு கிழியாமல் இருக்கும். பாதிப் பேர் அந்தச் சீட்டைப் பார்க்கவே இரண்டாம் முறை வந்தார்கள்.

அது ஓடியது என்பதால் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அதே பங்களா, அதே பேய், அதே வாட்ச். கதாநாயகன் மட்டும் வேறு ஆள். முதல் ஆளுக்கு என்ன வருத்தமோ, வரவில்லை. அதற்குக் கதையில் ஒரே வரியில் சமாதானம்: விபத்தில் முகம் போய்விட்டது, டாக்டர் வேறு முகம் வைத்துவிட்டார். கேட்பவனை முட்டாளாக நினைத்து எழுதிய வரி என்று அப்போது நினைத்தேன். பிறகு பல அரசாணைகள் படித்தபின் அந்த வரி மேல் மரியாதை வந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று இரண்டாம் பாகம் வெளியானது. மலையில் காவடி இறக்கி, முடி கொடுத்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்ட கூட்டம் பொழுது சாயும் நேரத்தில் கீழே இறங்கியது. ஆந்திராப் பக்கத்து பஸ்கள் கிளம்ப நேரமிருந்தது. கொட்டா நிரம்பியது. கூட்டப் பாதுகாப்புக்காக என்னை அங்கே போட்டிருந்தார்கள். அதாவது வாளிகளோடு நிற்க. அப்போதுதான் கேபினுக்கு வெளியே பாயும் நைனாவும் பேசியது காதில் விழுந்தது.

"நைனா, அஞ்சாவது ரீல் இல்ல. ஒம்பது இல்ல. கடசி ரீலும் இல்ல."

"பெட்டி அடியில பாத்தியா?"

"அடியில ஆணிதான் கீது."

நைனா கூட்டத்தைப் பார்த்தார். "இத்தினி ஜனத்த எழுப்பி அனுப்பினா கொட்டாவ மூங்கிலோட தூக்கிகினு போயிடுவாங்க. நேத்து வரிக்கும் ஓட்டினியே மொத பாகம், அது கீதா?"

"பஸ்ல எடம் இல்லன்னு திருப்பி அனுப்பல. கீது."

"அதுல அஞ்சு, ஒம்பது, கடசி மூணையும் எடுத்துச் சொருவு. அதே பங்களா, அதே பேய். எவன் கேக்கப் போறான்?"

"ஈரோ வேற நைனா!"

"மொட்ட அடிச்சா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். அங்க பாரு."

பாய் பார்த்தார். நானும் பார்த்தேன். தரை முழுக்கச் சந்தனத் தலைகள். யார் யாருடைய அப்பா என்று தெரியாது. பாய் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்டது லைசென்ஸ் தங்குமா என்று. வாயால் கேட்கவில்லை.

தணிக்கைச் சான்று பெற்ற படத்தைச் சான்று பெற்றபடிதான் திரையிட வேண்டும். அது எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த மூன்று ரீல்களும் சான்று பெற்றவையே. மற்றப் பதினொன்றும் சான்று பெற்றவையே. தனித்தனியாக இரண்டும் முறையான கல்யாணம்தான், சேர்த்துப் பார்த்தால்தான் குற்றம். இந்தச் சட்ட நுட்பம் மனதில் ஓடி முடிப்பதற்குள் நான் மணல் வாளிகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரே ஒரு புரொஜெக்டர் இருந்த கொட்டா அது. ரீல் மாற்றும்போது படத்தை நிறுத்தி விளக்கைப் போட வேண்டும். நாலாவது ரீலின் முடிவில் புது முகக் கதாநாயகன் பங்களாக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறான். விளக்கு எரிந்தது. பட்டாணி விற்றார்கள். விளக்கு அணைந்தது. முதல் பாகத்தின் ஐந்தாவது ரீல் தொடங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் பழைய முகம் நின்றது. பேய் அதை ஏற இறங்கப் பார்த்து, "நீ எப்படா வந்தே?" என்றது. முதல் பாகத்தில் அந்த வரிக்கு யாரும் சிரித்ததில்லை. வேறெதற்கோ எழுதப்பட்ட, ஒன்றுக்கும் உதவாத வரி.

நான் திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஆகவே பார்த்தது கூட்டத்தை மட்டுமே. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சந்தனத் தலைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தன. அப்படிச் சிரித்த கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு பெரியவர் மணலில் கையை அறைந்து அறைந்து அழுதார். ஒன்பதாவது ரீலில் முகம் மறுபடி மாறியபோது, பேய் வாயைத் திறப்பதற்கு முன் கூட்டம் ஒரே குரலில் முந்திக்கொண்டது: "நீ எப்படா வந்தே?"

திரும்பிப் பார்த்திருக்கலாம். வெளியேறும் வழியில் ஒரு தூளி கட்டியிருந்தார்கள், அதை அவிழ்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடுபட்ட ரீல்கள் வந்து சேர்ந்தன. பாய் நிம்மதியாகப் படத்தை முறைப்படி ஓட்டினார். பாதியில் மணலை வாரித் திரை மேல் எறிந்தார்கள். முதல் நாள் பார்த்தவர்கள் பள்ளிப்பட்டு வரைக்கும் போய்ச் சொல்லியிருந்தார்கள். தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வந்தவர்கள், "நேத்து காட்டினத்த போடுறியா, கொட்டாவப் பிரிக்கட்டுமா?" என்றார்கள். நைனா கேபினுக்குள் எட்டிப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "சொருவு."

அதன் பிறகு அது ஓடிக்கொண்டே இருந்தது. திருவாலங்காட்டிலிருந்து கரும்பு வெட்டும் ஆட்கள் வந்தார்கள். அரக்கோணத்திலிருந்து ரயில்வேக்காரர்கள் ஷிஃப்ட் முடிந்த உடுப்போடு வந்தார்கள். பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் ஏறினால், "நீ எப்படா வந்தே?" எங்கள் அலுவலகத்துக்குப் புதிய அதிகாரி பொறுப்பேற்ற அன்று, அவர் உள்ளே நுழைந்ததும் பியூன் என் காதில் அதே வரியைத்தான் சொன்னான். நான் கடுமையாகப் பார்த்தேன். பிறகு கழிவறைக்குப் போய்ச் சிரித்தேன்.

என் மனைவி பள்ளிப்பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். சினிமாவில் அழுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஒரு வாரத்துக்குள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு மூன்று தடவை போய்வந்தாள்.

"அதுல இன்னா இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க. அதான் நல்லாக்கீது."

"கயிறு தெரியுதாமே?"

"கயிறு தெரியாத எடம் எங்கீது? உங்க ஆபீஸ்ல தெரியலயா?"

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். பெரிய படங்களில் வரும் பேய் எல்லாம் வல்லது. அதைக் கண்டு பயப்படலாம், அதற்கு மேல் அதனுடன் உறவு கிடையாது. இந்தப் பேய் நம்மைப்போல. நேரத்துக்கு வரும், வாட்ச் பார்க்கும், வேலையைப் பாதி செய்யும், கரண்டியால் அடிக்கும்போது கரண்டி வளையும், யாரும் பயப்படவில்லை என்று தெரிந்தும் மறுநாள் அதே இடத்தில் நின்று அதே உறுமலை உறுமும். இருபது வருடமாக அதைத்தானே நானும் செய்துகொண்டிருந்தேன்? இரண்டாம் பாகமும் புதிதில்லை. அது ஓர் இடமாற்றல் உத்தரவு. அதே நாற்காலி, அதே ஃபைல், வேறு முகம். பழைய முகம் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்காது என்பதுதான் நிர்வாகத்தின் ஒரே நம்பிக்கை. அந்தக் கொட்டாவில் அது வந்து நின்றது. ஜனங்கள் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். பார்க்கவில்லையே.

மனு வந்தது மூன்றாவது வாரம். ஊருக்குள் கல் கட்டடத்தில் நிரந்தர தியேட்டர் நடத்தியவர் கொடுத்தது. அவர் போட்ட புதுப்படத்துக்கு மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. 'மேற்படி கொட்டகையில் இரு வேறு படங்களைக் கலந்து, எச்சான்றும் பெறாத மூன்றாவது படம் ஒன்றைக் காட்டி வருவதால், உரிமையாளர் மீதும் ஆபரேட்டர் மீதும் நடவடிக்கை எடுத்து, ஆபரேட்டர் உரிமத்தை ரத்து செய்ய' என்று தெளிவாக எழுதியிருந்தார். நல்ல மனு. குறை சொல்ல ஒரு புள்ளி இல்லை. மனு சரியாக இல்லையென்றால் திருப்பி அனுப்பியே இரண்டு மாதம் கடத்தியிருப்பேன்.

புதிய அதிகாரி திருநெல்வேலிப் பக்கம். சிரிப்பதை ஓய்வூதியத்துக்குப் பிறகு என்று ஒதுக்கி வைத்தவர்.

"என்னய்யா இது, ஆளோட மூஞ்சி மாறுதுன்னு எழுதியிருக்கான்?"

"கதையே அப்படித்தான் சார். விபத்து."

"திரும்பப் பழைய மூஞ்சி வருதுங்கானே?"

"விசாரிக்கிறேன் சார்."

"நீரு மட்டும் வேண்டாம். வியாழக்கிழமை ஃபர்ஸ்ட் ஷோவுக்கு நானும் வாரேன்."

முன்கூட்டித் தெரிவித்தால் அது ஆய்வு இல்லை, விருந்து என்று இளைய குமாஸ்தாக்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பாயை வரச் சொன்னேன்.

"வியாழக்கிழமை வர்றோம் பாய். சான்றிதழ்ல என்ன இருக்கோ அதை ஓட்டுங்க. பதினாலு ரீலும் ரெண்டாம் பாகமா இருக்கணும்."

பாய் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "ஜனம் ஒத்துக்காது சார்."

"ஜனம் ஒத்துக்கலன்னா மணல் வீசுவாங்க. அதிகாரி ஒத்துக்கலன்னா லைசென்ஸ் போயிடும்."

"ஒரு நாள்தானே சார்?"

"ஒரு நாள்தான். நான் சரியா இருக்குதுன்னு எழுதி ஃபைலை மூடிடறேன். வெள்ளிக்கிழமையில இருந்து உங்க பாடு."

"உங்க வார்த்தை சார்."

"என் வார்த்தை."

வியாழக்கிழமை நைனா இரண்டு நாற்காலிகளை நடுவில் போட்டுத் துண்டு விரித்திருந்தார். அவ்வளவு வருடத்தில் அந்தக் கொட்டாவில் நான் திரையைப் பார்த்து உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. பெண்கள் பக்கத்தில், தட்டிக்கு அந்தப் புறம், மனைவி இருக்கிறாள் என்று தெரியும். ஏழாவது முறை. இன்றைக்குப் போகாதே என்று சொல்ல வாய் வந்தது. அலுவலக ரகசியம் என்று விழுங்கிவிட்டேன்.

நாலாவது ரீல் முடிந்தது. புது முகம் கதவைத் திறந்தது. விளக்கு எரிந்து, பட்டாணி விற்று, அணைந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கமும் புது முகமே வந்தது.

பேய் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கேட்டது. பழக்கதோஷம்.

"நீ எப்படா வந்தே?"

அதிகாரி என் பக்கம் சாய்ந்தார். "யாரைய்யா கேக்கானுவ?"

"நம்மளைத்தான் சார். சர்க்கார் ஆள் வந்தா அப்படித்தான்."

"மரியாதை இல்லாத ஊரு."

"ஆமாம் சார்."

அதற்குப் பிறகு நடந்ததைப் போல நான் வேறெங்கும் கண்டதில்லை. மணல் வீசவில்லை. விசில் அடிக்கவில்லை. திரையில் இரண்டாம் பாகத்தின் ஐந்தாவது ரீல் ஓட ஓட, கூட்டம் வராத ரீலின் வசனத்தைப் பேச ஆரம்பித்தது. ஆண்கள் பேயாகப் பேசினார்கள், பெண்கள் பக்கம் பதில் சொன்னது. திரையில் புது முகம் ஏதோ பாட்டுப் பாடுகிறது, இங்கே நூற்றுக்கணக்கானவர்கள் வேறொரு சமையல்கட்டில் உப்பு ஜாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தட்டிக்கு அந்தப் புறத்திலிருந்து ஒரு குரல் எல்லாரையும்விட ஓர் எழுத்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இருபது வருடம் பழக்கமான குரல். அந்தக் குரலில் அப்படியொரு விளையாட்டு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"என்னய்யா, ஆளாளுக்கு முணுமுணுக்கானுவ?"

"வேண்டுதல் சார். ஆடி மாசம் முடிஞ்சும் சில பேர் விடறதில்லை."

அதிகாரி கைகூப்பப் போய், நிறுத்திக்கொண்டார்.

கேபின் துளையில் பாயின் ஒரு கண் தெரிந்தது. கூட்டம் ஒரே ஒரு தடவை "ரீலை மாத்து" என்று கத்தினால் போதும். மனுவுக்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. கத்தவில்லை. யார் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார், எதற்கு என்பது தரை டிக்கெட் வரை தெரிந்திருந்தது. படத்தைக் கேட்கவும் வேண்டும், பாயைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. அதனால் தாங்களே ஓட்டிக்கொண்டார்கள்.

அதிகாரி மட்டும் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முறைப்படி ஓடிய அந்தப் படம் மிகவும் சோகமானது. கடைசி ரீலில் ஒரு மந்திரவாதி பேயைப் பாட்டிலில் அடைத்து மூடி போடுகிறான். வாட்ச் கட்டிய கை கடைசியாக உள்ளே போகிறது.

மறுநாள் அறிக்கை எழுதினேன். பதினாலு ரீல்களும் சான்றிதழின்படி உள்ளன. வாளிகள் உள்ளன. மனுவில் கண்ட குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆய்வு அறிக்கை என்றால் கடைசியில் ஒரு வரி போடுவது என் வழக்கம். 'இதே நிலை தொடர்ந்து பேணப்பட வேண்டுமென அறிவுறுத்தப்பட்டது.' பிரசவ விடுதிக்கும் எழுதுவேன், சுடுகாட்டுக்கும் எழுதுவேன். யாரும் படிப்பதில்லை. கை தானாகப் போய் எழுதிவிட்டது.

புதிய அதிகாரி படித்தார்.

"'தொடர்ந்து'ன்னு எழுதியிருக்கீரு. சரிதான். ஆனா வெறும் வாயால அறிவுறுத்தினா எப்படி? அந்த ஆபரேட்டர்கிட்ட ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கிடும். மீறினா லைசென்ஸ் ரத்துன்னு நிபந்தனை போட்டுரும். நல்ல யோசனைய்யா உம்மது."

யோசனை இல்லை சார், வழக்கம் என்று எப்படிச் சொல்வது?

பாய் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நானே எழுதிய உறுதிமொழியை நானே படித்துக் காட்டினேன். படத்தின் ரீல்களை வரிசை மாற்றியோ, வேறு படத்தின் ரீல்களைச் சேர்த்தோ எக்காலத்தும் திரையிட மாட்டேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாள்னு சொன்னீங்களே சார்."

"லைசென்ஸ் இருக்குதே பாய்."

"ஆங். லைசென்ஸ் கீது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் படம் முறைப்படி ஓடியது. முதல் நாள் பாதிக் கொட்டா. இரண்டாம் நாள் நாய்கள் படுத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாகங்களும் தனித்தனிப் பெட்டியில், அவரவர் ரீலோடு, அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் போயின. நைனா என்னைத் தெருவில் பார்த்தபோது வழக்கம்போல வணக்கம் சொன்னார். என் மனைவி ஒரு வாரம் கழித்து, குழம்பைப் பரிமாறும்போது கேட்டாள்.

"அந்த ஆபரேட்டர்கிட்ட எழுதி வாங்கினது நீங்களா?"

"அதிகாரி சொன்னாரு."

"எழுதினது யாருன்னு கேட்டேன்."

சாப்பிட்டு எழுந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொட்டா ஒருநாள் கூரையைப் பிரித்தது, மறுபடி வேயவில்லை. அந்த ஒரு தடவைதான் அது உண்மையாகவே நகர்ந்தது. பாய்க்கு நிரந்தர தியேட்டரில் வேலை கிடைத்தது. மனு கொடுத்த அதே முதலாளி. பழைய விஷயம் ஏதும் பேசாமல், லைசென்ஸில் கரும்புள்ளி இல்லை என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அந்த அளவில் என் அறிக்கை உதவியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில வருடம் கழித்துப் பேய்ப்படத்தின் மூன்றாம் பாகம் வந்தது. கலர். கதாநாயகன் மூன்றாவது ஆள். பேயும் வேறு ஆள். வாட்ச் கிடையாது. பாய் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். தலை வெளுத்திருந்தது.

"மூணாம் பாகத்துல ஒண்ணுமே இல்ல சார். முதலாளிக்குப் பயம். 'பாய், அந்தக் காலத்துல ஒண்ணு பண்ணியே, அத்த இதுல பண்ண முடியுமா?'ன்னு அவரே கேக்கறாரு."

"அவரா?"

"அவரேதான். பழைய ரெண்டுலயும் நாலஞ்சு ரீல் எடுத்துச் சொருவினா, திடீர்னு கலர் போயி கறுப்பு வெள்ளை வரும், பேயே மாறிப்போவும். கொட்டா தாங்காது சார்." தியேட்டரை அவர் கடைசிவரை கொட்டா என்றே சொன்னார். "ஆனா நான் எக்காலத்தும்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே. அது இன்னும் செல்லுமா?"

பதிவறைக்குப் போய், தூசி தட்டி, கட்டவிழ்த்துப் படித்தேன். அந்த நிபந்தனை கொட்டகையின் உரிமத்தோடு இணைக்கப்பட்டது. கொட்டகை போனதும் உரிமம் போயிற்று. உரிமம் போனால் நிபந்தனை நிற்க இடமில்லை. உறுதிமொழியைப் புதிய தியேட்டர் பெயரில் மறுபடி வாங்கியிருக்க வேண்டும். யாரும் வாங்கவில்லை. வாங்க வேண்டியவன் நான். வாங்காமல் விட்டது எனக்கே தெரியாமல் நான் செய்த ஒரு நல்ல காரியம்.

"செல்லாது பாய். ஓட்டுங்க" என்றேன். கூடவே, "நான் வர்றேன். இந்தத் தடவை முன்னால உக்காந்து பாக்கறேன்" என்றும் சொன்னேன். பாய் சிரித்தார்.

பத்து நாள் கழித்து வந்தார். சிரிப்பு இல்லை. விநியோகஸ்தருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பழைய பிரிண்டுகள் எதுவும் இல்லை. இனி ஓடாத படம் என்று எல்லாவற்றையும் வெள்ளி எடுக்கிறவர்களிடம் தள்ளிவிட்டார்களாம். ஃபிலிமைக் கழுவினால் கொஞ்சம் வெள்ளி நிற்கும்.

"எவ்வளவு நிக்கும் பாய்?"

"ரெண்டு படத்துக்கும் சேத்து ஒரு ஜோடி மெட்டிக்கு வரும் சார்."

மூன்றாம் பாகம் வரிசைப்படி மூன்று நாள் ஓடியது. நானும் மனைவியும் போனோம். இடைவேளையில் அவள் பட்டாணி வாங்கினாள், வெளியே வந்து நின்று தின்றாள், உள்ளே வரவில்லை.

இப்போது எனக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார். தினமும் முதல் வாய்க்கு நான் முகம் சுளிக்கும்போது, மனைவி கரண்டியை ஓங்கிக்கொண்டு பேயின் குரலில் ஏதாவது ஒரு வரி சொல்வாள். சில நாள் அவளைப் பிடித்துவைத்துக் கதை கேட்பேன். நாலாவது ரீலில் தொடங்கி ஐந்துக்குப் போவாள், அங்கிருந்து சட்டென்று முதல் பாகத்தின் கடைசிக்குத் தாவி, பேய் வயிறார உப்புச் சாம்பார் சாப்பிட்டுக் கிளம்புவதைச் சொல்லிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவளாய் ஒன்பதாவதற்குத் திரும்புவாள். போன வாரம் சொன்னது இந்த வாரம் இருக்காது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"வரிசை தப்பா சொல்றே."

"வரிசைய எதுக்குங்க என்னிய கேக்கறீங்க?" என்றாள் அவள். "அந்தப் படத்த ஒழுங்கா, வரிசையா பாத்தது ஊர்லயே நீங்களும் உங்க ஆபீசரும்தான்."